கோவை போர் தண்ணியும் டைல்ஸ் வெள்ளைக் கறையும்: ஆசிட் பாட்டிலைத் திறக்கும் முன் இதைப் படிங்க!

கிரகப்பிரவேசத்துக்கு இன்னும் ரெண்டே நாள். பெயின்ட் வேலை முடிந்து, கதவுக்கு வார்னிஷ் அடித்து, பந்தலும் போட்டாச்சு. ஆனால் புதுசாகப் பதித்த டைல்ஸ் மேல் சிமென்ட் பால் காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நிற்கிறது. "ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க, ஆசிட் ஊத்தி ஒரு கழுவு கழுவிட்டா கண்ணாடி மாதிரி ஆயிடுமுங்க" என்பார்கள். அடுத்த அரை மணி நேரத்தில் வீடு முழுக்கப் புகை. எல்லோரும் முந்தானையாலும் துண்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடி வருவார்கள். தரை என்னமோ பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் ஆறு மாதம் கழித்து டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்ட் உதிர ஆரம்பிக்கும். புதுக் குழாய்களில் கறுப்புப் புள்ளி விழும். ஏன் என்று யாருக்கும் விளங்காது.

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்று கொங்கு மண்டலத்தின் பல வீடுகளில் இந்த ஆசிட் பாட்டில் கிரகப்பிரவேசத்தோடு போவதில்லை. பாத்ரூம் மூலையில் அது நிரந்தரமாக இடம்பிடித்துவிடுகிறது. காரணம் இங்குள்ள தண்ணீர்.

அந்த வெள்ளைக் கறை அழுக்கே இல்லை

கோவைக்காரர்களுக்குத் தண்ணீரில் ரெண்டு ஜாதி உண்டு. ஒன்று 'நல்ல தண்ணி', அதாவது சிறுவாணி, பில்லூர் குழாயில் வருவது. இன்னொன்று 'உப்புத் தண்ணி', அதாவது போர் தண்ணி. சிறுவாணி, காட்டில் பெய்யும் மழை நேராக அணைக்கு வந்து சேரும் தண்ணீர். பாறையோடு அதற்குப் பெரிய உறவு கிடையாது. போர் தண்ணி அப்படியல்ல. ஆயிரம் அடி தாண்டியும் துளை போடுவது இந்தப் பக்கம் புதிதில்லை. அவ்வளவு ஆழத்தில், கடினப் பாறையின் வெடிப்புகளுக்குள் வருஷக்கணக்கில் தேங்கி நிற்கும் தண்ணீர், அந்தப் பாறையில் உள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொண்டே மேலே வருகிறது.

குடிநீரில் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 விதி. வீட்டுக்கு வரும் போர் தண்ணியில் இது எவ்வளவு என்று ஒருமுறை பரிசோதித்துப் பார்ப்பது நல்லது. சோப்பு நுரைக்கவில்லை, பருப்பு வேகவில்லை, ஹீட்டர் காயில் அடிக்கடி போகிறது என்றால் பரிசோதனைக்கு முன்பே பதில் தெரிந்துவிடும்.

இந்தத் தண்ணியில் தரையைத் துடைக்கிறோம். தண்ணீர் ஆவியாகிவிடுகிறது. உப்பு அங்கேயே நிற்கிறது. நாளைக்கு மறுபடியும் துடைக்கிறோம். இன்னொரு மெல்லிய படலம் சேர்கிறது. இப்படித்தான் கறுப்பு டைல்ஸ் சாம்பல் நிறமாகிறது, பாத்ரூம் குழாயடியில் சுண்ணாம்பு மாதிரி மேடு கட்டுகிறது. அதாவது இந்தக் கறையைக் கொண்டுவந்து போட்டதே நாம் துடைத்த தண்ணீர்தான். இது அழுக்கல்ல, கல். அதனால்தான் சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை. சோப்பு எண்ணெயை எடுக்கும், மண்ணை எடுக்கும். கால்சியம் கார்பனேட்டை அசைக்காது.

அமிலம் அசைக்கும். பிரச்சனை அங்கேதான் தொடங்குகிறது.

ஆசிட் கறையை மட்டும் தின்பதில்லை

கடையில் 'ஆசிட்' என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். உப்புக் கறையில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து நுரைத்து, அதைக் கரையக்கூடிய பொருளாக மாற்றிவிடும். தண்ணீர் ஊற்றினால் கழுவிக்கொண்டு போய்விடும். பார்க்க மாயாஜாலம் மாதிரி இருக்கும்.

ஆனால் கால்சியம் கறையில் மட்டும்தானா இருக்கிறது? இடுக்கில் அடைத்திருக்கும் சிமென்ட்டிலும் அதுதான். மொசைக் தரையில் மின்னும் கல் சில்லுகளிலும் அதுதான். மார்பிளில், கடப்பா கல்லில், ஆத்தங்குடி டைல்ஸில், பழைய வீட்டு சிவப்புத் தரையில் எல்லாம் அதுதான். கறை எது, தரை எது என்று அமிலத்துக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. தொழிற்சாலைத் தர ஆசிட் மஞ்சளாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் கலந்திருக்கும் இரும்புதான் அந்த மஞ்சளுக்குப் பெரும்பாலும் காரணம். வெள்ளை இடுக்கில் அதை ஊற்றினால், வெள்ளைக் கறைக்குப் பதிலாக மஞ்சள் கறை கிடைக்கும். அதன் ஆவி எவர்சில்வர் குழாய், கதவுக் கீல், ஷவர் எல்லாவற்றிலும் படிந்து அரிக்கும். தரையில்தானே ஊற்றினோம், குழாய் ஏன் கறுத்தது என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

உங்கள் தரை எது? முதலில் அதைப் பாருங்கள்

எல்லாவற்றையும் நாம் 'டைல்ஸ்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் ஒரே வீட்டிலேயே நாலு விதமான தரை இருக்கலாம்.

புது வீடுகளின் ஹாலில் பெரும்பாலும் இருப்பது விட்ரிஃபைடு டைல்ஸ். குஜராத்தின் மோர்பியில் இருந்து லாரி லாரியாக வந்து இறங்குகிறதே, அதில் பெரும்பங்கு இதுதான். அதிக வெப்பத்தில் சுட்டு, ஏறக்குறைய கண்ணாடியாகவே இறுகிப்போன பொருள். தண்ணீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கும் குறைவு. இதற்கு லேசான அமிலத்தால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் பாலிஷ் போட்ட வகையில், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் மேலே திறந்திருக்கும். காபியும் மஞ்சளும் மணிக்கணக்கில் கிடந்தால் அதற்குள் இறங்கிவிடும். இதன் உண்மையான எதிரி மணல். பெருக்காமல் நேராக மாப் போட்டால், வாசலில் இருந்து வந்த மண் துகள் உப்புத்தாள் மாதிரி வேலை செய்து பாலிஷை மங்கவைக்கும். கூட்டிவிட்டுத் துடைக்கச் சொல்லும் பாட்டிக்கு இந்த அறிவியல் தெரியாவிட்டாலும் சொன்னது சரி.

பாத்ரூம் சுவரிலும் பழைய சமையலறைத் தரையிலும் இருப்பது செராமிக். உள்ளே சுட்ட களிமண், மேலே கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. பூச்சு இருக்கும்வரை ராஜா. கம்பி நாரைப் போட்டுத் தேய்த்துப் பூச்சைக் கீறிவிட்டால், அதன் பிறகு எதைப் போட்டாலும் கறை பிடிக்கும். துருக்கறை எடுக்க என்று விற்கப்படும் சில திரவங்களில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கும். அது கண்ணாடியையே அரிக்கக்கூடியது, தோலில் பட்டால் எலும்பு வரை பாதிப்பு போகும். லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

ஆன்டி-ஸ்கிட் எனும் சொரசொரப்பான டைல்ஸ், வழுக்காமல் இருப்பதற்காகவே மேடு பள்ளமாகச் செய்யப்பட்டது. அந்தப் பள்ளத்தில்தான் உப்பும் சோப்பும் போய் உட்காரும். மாப் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். இதற்கு நைலான் பிரஷ்தான் வழி.

இனி கவனமாக இருக்க வேண்டியவை. 1970, 80-களில் கட்டிய வீடுகளில் மொசைக் இன்னும் ஜம்மென்று இருக்கிறது. அதில் ஆசிட் ஊற்றினால் மார்பிள் சில்லுகள் மங்கி, சுற்றியுள்ள சிமென்ட் குழிந்து, கை வைத்தால் சொரசொரக்கும். மறுபடி மெஷின் வைத்துப் பாலிஷ் போடுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

கடப்பா கல் பலரையும் ஏமாற்றும். கறுப்பாக, கெட்டியாக, கிரானைட்டின் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் அது சுண்ணாம்புக்கல் வகை. கொங்கு வீடுகளின் சமையல் மேடையிலும் அலமாரித் தட்டிலும் எலுமிச்சம்பழம் வைத்த இடம், புளிக்கரைசல் கொட்டிய இடம் வெளுத்துப்போய்க் கிடப்பதைப் பார்க்கலாம். அது கறை இல்லை, கல்லே அரிக்கப்பட்ட தடம். எவ்வளவு தேய்த்தாலும் போகாததற்குக் காரணம் அதுதான். கோட்டா கல்லும் இதே குடும்பம். உண்மையான கிரானைட் வேறு ஜாதி, அது லேசான அமிலத்தைத் தாங்கும். ஆனாலும் அதன் மேலே பூசும் பாலிஷ் தாங்காது.

காரைக்குடிப் பக்கத்தில் இருந்து வரும் ஆத்தங்குடி டைல்ஸ் இப்போது கோவையின் புது வீடுகளிலும் பூஜை அறையிலும் திண்ணையிலும் மறுபடி தலைகாட்டுகிறது. அழகைப் பார்த்து வாங்குகிறவர்கள் பலருக்கு அது சூளையில் சுட்ட டைல்ஸ் இல்லை என்பது தெரியாது. கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் போட்டு வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுப்பது. அந்த மினுமினுப்பு கண்ணாடியின் வழவழப்பில் இருந்து வந்தது. ஒரே ஒரு முறை ஆசிட் பட்டால் போதும், பூ வேலைப்பாடு வெளுத்துவிடும். ப்ளீச்சும் ஆகாது. இதற்குத் தேவை நல்ல தண்ணீர், பருத்தித் துணி, எப்போதாவது ஓரிரு சொட்டு தேங்காய் எண்ணெய். நடக்க நடக்கப் பளபளப்பு கூடும். நம்மூர்ப் பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரைக்கும் இதே வைத்தியம்தான். எண்ணெய் கூடிவிட்டால் மட்டும் வழுக்கும், வயசானவங்க இருக்கும் வீட்டில் ஜாக்கிரதை.

எந்தத் தரை என்று சந்தேகமா? கட்டிலுக்கு அடியிலோ கதவு மூலையிலோ யார் கண்ணிலும் படாத இடத்தில், உப்புப் படலம் இல்லாத இடமாகப் பார்த்து, ரெண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். அஞ்சு நிமிஷத்தில் நுரைத்தாலோ, துடைத்த பிறகு அந்த இடம் மட்டும் மங்கினாலோ அது சுண்ணாம்பு அல்லது சிமென்ட் வகை. அந்தத் தரைக்கு வினிகர், எலுமிச்சை, ஆசிட் எதுவுமே கூடாது.

அப்படியானால் உப்புக் கறையை எப்படித்தான் எடுப்பது?

விட்ரிஃபைடு, செராமிக் ரெண்டுக்கும் வழி இருக்கிறது. மளிகைக் கடையில் 'எலுமிச்சை உப்பு' என்று கேட்டால் சிட்ரிக் அமிலம் கொடுப்பார்கள். பனீர் செய்யப் பயன்படுத்துவோமே, அதேதான். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நல்ல தண்ணியில் ஒரு மேஜைக்கரண்டி போதும். அல்லது வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி.

நேராக எடுத்து ஊற்றிவிடாதீர்கள். முதலில் டைல்ஸ் இடுக்குகள் நன்றாக நனையும்படி வெறும் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த சிமென்ட் பஞ்சு மாதிரி. எது முதலில் வருகிறதோ அதைக் குடித்துக்கொள்ளும். தண்ணீரைக் குடித்து வயிறு நிறைந்துவிட்டால் அமிலத்தை அவ்வளவாக உள்ளே விடாது. நல்ல டைல்ஸ் மேஸ்திரிகளுக்குத் தெரிந்த விஷயம் இது. பிறகு கரைசலைக் கறை மேல் மட்டும் துணியால் தடவி, அஞ்சு முதல் பத்து நிமிஷம் விட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, ரெண்டு முறை தண்ணீர் விட்டுக் கழுவி, வைப்பர் போட்டுத் தள்ளி, காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். கடைசியில் துடைப்பதுதான் முக்கியம். தானாகக் காயவிட்டால் உப்புத் தண்ணி மறுபடியும் தன் கையெழுத்தைப் போட்டுவிடும்.

வருஷக்கணக்காகச் சேர்ந்த மேடு ஒரே நாளில் போகாது. வாரத்துக்கு ஒரு முறை என்று மூன்று, நாலு தடவை செய்ய வேண்டியிருக்கும். ஆசிட்டில் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலைதான். ஆனால் பத்து நிமிஷத்தில் இடுக்கும் போய்விடும்.

மொசைக், ஆத்தங்குடி, கடப்பா, மார்பிள் தரைகளில் உப்புப் படலம் இருந்தால் காய்ந்த நிலையில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, அமிலமோ காரமோ இல்லாத, பி.எச். 7 அளவில் இருக்கும் தரைத் திரவத்தால் துடைக்கலாம். சிமென்ட் தரையில் அடியில் இருந்தே வெள்ளைப் பொடி பூத்து வந்தால், அது தரைக்குக் கீழே உள்ள ஈரம் உப்பைத் தள்ளிக்கொண்டு வருவது. அதை ஈரத் துணியால் துடைத்தால் கரைந்து மறுபடி உள்ளே போய், நாளை திரும்ப வரும். உலர்ந்த பிரஷ்ஷால் கூட்டி அள்ளிவிட வேண்டும்.

இதைவிட எளிது, கறை வராமல் பார்த்துக்கொள்வது. வீடு முழுக்கப் போர் தண்ணியில் துடைத்தாலும், கடைசி ஒரு துடைப்பு மட்டும் அரை பக்கெட் நல்ல தண்ணியில் போடுங்கள். ஆர்.ஓ. மெஷினில் இருந்து வெளியேறும் கழிவுத் தண்ணியை வீணாக்காமல் மாப் போடப் பயன்படுத்துங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு யோசனை சுற்றுகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஆர்.ஓ. வடிகட்டித் தள்ளிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தத் தண்ணியில்தான். டாய்லெட்டுக்கு ஊற்றுங்கள், போர்ட்டிகோவைக் கழுவுங்கள். கறுப்பு நிறப் பளபள டைல்ஸில் மட்டும் வேண்டாம். திருஷ்டி கழியும், எறும்பு வராது என்று மாப் தண்ணியில் கல் உப்பு போடும் வழக்கமும் பல வீடுகளில் உண்டு. நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் துடைத்த பிறகு ஒருமுறை வெறும் தண்ணியில் துடைத்துவிடுவது தரைக்கு நல்லது.

துணி துவைக்கும் பவுடரைத் தாராளமாகப் போட்டுத் தரை கழுவுவதும் அப்படித்தான். நுரை அதிகம் வந்தால் சுத்தம் அதிகம் என்பது பிரமை. கழுவப்படாத சோப்புப் படலம் காய்ந்து, அடுத்த முறை ஈரம் பட்டதும் வழுக்கும். வீட்டில் பெரியவர்கள் விழுந்து இடுப்பு எலும்பு முறிவதற்கு அந்த ஒரு வழுக்கலே போதும்.

மஞ்சள், எண்ணெய், சிலிண்டர் வளையம்

எல்லாக் கறையும் உப்புக் கறை அல்ல. எண்ணெய்க்குப் பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் போதும். மஞ்சள் கறையில் சோப்பு போட்டதும் சிவப்பாக மாறினால் பயப்பட வேண்டாம். காரம் பட்டால் மஞ்சளின் நிறம் மாறுவது இயல்பு. வெயில் விழும் இடமாக இருந்தால் ரெண்டு மூணு நாளில் அது தானாகவே வெளுத்துவிடும்.

கேஸ் சிலிண்டர் வைத்த இடத்தில் வட்டமாக விழும் துருக்கறைக்கு ப்ளீச் போடுவது பெரிய தவறு. அது துருவை இன்னும் கெட்டியாக்கும். விட்ரிஃபைடு டைல்ஸாக இருந்தால் எலுமிச்சை உப்புக் கரைசலே எடுத்துவிடும். சிலிண்டருக்கு அடியில் ஒரு ரப்பர் வளையமோ ஸ்டாண்டோ வைத்தால் அந்த வேலையும் மிச்சம்.

ஆசிட்டும் ப்ளீச்சும் சந்தித்தால் என்ன நடக்கும்?

தரை போனால் மாற்றிக்கொள்ளலாம். நுரையீரலை மாற்ற முடியாது.

2019 நவம்பர் 7. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலம், பர்லிங்டன் நகரில் ஒரு உணவகம். சமையலறைத் தரையில் அமிலம் கலந்த சுத்திகரிப்புத் திரவம் கொட்டிவிட்டது. அது தெரியாமல் இன்னொரு ஊழியர், தரை கழுவ ப்ளீச் வகைத் திரவத்தை அதே இடத்தில் ஊற்றினார். தரை பச்சை நிறமாகி நுரைத்துப் பொங்கியது. ஊழியர்கள் வெளியே ஓடினார்கள். மேலாளர் மட்டும் வைப்பரை எடுத்துக்கொண்டு அதை வெளியே தள்ளிவிடப் பார்த்தார். மருத்துவமனையில் அவர் இறந்துபோனார். பத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற வேண்டியிருந்தது.

நம் வீட்டு பாத்ரூமில் தினமும் நடக்கச் சாத்தியமுள்ள விஷயம் இது. டாய்லெட் கழுவும் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ப்ளீச்சிங் பவுடரிலும் ப்ளீச் திரவத்திலும் இருப்பது ஹைப்போகுளோரைட். ரெண்டும் சேர்ந்தால் வெளிவருவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே போர்க்களத்தில் ஆயுதமாகத் திறந்துவிடப்பட்டது இதே வாயுதான். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் ஈரோடு மாவட்டம் சித்தோடு அருகே ஒரு ஆலையில் குளோரின் கசிந்து ஒருவர் உயிரிழந்தார், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

ஆசிட்டைவிட வினிகர் பாதுகாப்பானது என்பதால் அதை ப்ளீச்சோடு கலக்கலாம் என்று நினைக்க வேண்டாம். எலுமிச்சை உப்போ வினிகரோ, அமிலம் எதுவானாலும் ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வரும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோராமின் என்ற இன்னொரு நச்சு வாயு வரும். கொரோனா தொடங்கிய 2020-ம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில், சுத்திகரிப்பு மற்றும் கிருமிநாசினிப் பொருட்களால் பாதிக்கப்பட்டதாக அமெரிக்க விஷமுறிவு மையங்களுக்கு வந்த அழைப்புகள் 45,550. முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட இது சுமார் 20 சதவீதம் அதிகம். காய்கறி கழுவ ப்ளீச்சையும் வினிகரையும் வெந்நீரில் கலந்து மூச்சுத் திணறிய ஒரு பெண்ணின் கதையும் அந்த அறிக்கையில் இருக்கிறது.

குளோரின், காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழும். குனிந்தோ உட்கார்ந்தோ தேய்க்கிறவரின் மூக்குக்கு நேரே அது இருக்கும். ஜன்னல் மேலே திறந்திருக்கிறதே என்று தைரியம் கொள்ள முடியாது.

அப்படி உட்கார்ந்து தேய்ப்பது யார் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். பெரும்பாலான வீடுகளில் அது வீட்டு வேலைக்கு வரும் அக்காதான். "பாத்ரூம் கறை போகவே இல்லக்கா, கொஞ்சம் ஆசிட் ஊத்தி விட்டுருங்க" என்று சொல்லிவிட்டு நாம் ஹாலில் டி.வி. பார்ப்போம். கையுறை கிடையாது, செருப்பு கிடையாது. ஒரு நாளில் மூணு நாலு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு பாட்டில், பாதிக்கு லேபிளே இருக்காது. ஒரு ஜோடி ரப்பர் கையுறையும், பாட்டில் மேல் தமிழில் எழுதி ஒட்டிய ஒரு சீட்டும் வாங்கி வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.

ஆசிட் விற்பனைக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

தெருவில் பினாயில், ஆசிட் என்று கூவிக்கொண்டு வரும் வண்டியில் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதைப் பார்த்திருப்போம். ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட லட்சுமி தொடர்ந்த வழக்கில், 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதற்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அரசு தந்த புகைப்பட அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், எதற்கு வாங்குகிறார் என்று கேட்க வேண்டும், 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவே கூடாது. கணக்கில் காட்டாத இருப்பு வைத்திருந்தால் 50,000 ரூபாய் வரை அபராதம். நடைமுறையில் எவ்வளவு கடைகளில் இந்தப் பதிவேட்டைப் பார்க்க முடிகிறது என்பது வேறு கதை.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் இருக்கும் எதையும் தாகத்தோடு விளையாடிவிட்டு வரும் குழந்தை குடிக்கும். தூக்கம் கலையாமல் எழுந்துவரும் தாத்தாவும் குடிப்பார். வீட்டில் அப்படி ஒரு பாட்டில் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

பட்டுவிட்டால், சுவாசித்துவிட்டால்?

புகை கிளம்பி, கண் எரிந்து, இருமல் வந்தால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாம் என்று அங்கேயே நிற்கக் கூடாது. பக்கெட், மாப் எல்லாம் கிடக்கட்டும். உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். பர்லிங்டனில் உயிர் போனது அதைத் தள்ளிவிடப் பார்த்தவருக்குத்தான். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது போலத் தோன்றினாலும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது பல மணி நேரம் கழித்துக்கூட நடக்கலாம். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு இறுக்கினாலோ 108-ஐ அழையுங்கள். எந்தெந்தத் திரவம் கலந்தது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், முடிந்தால் லேபிளை போட்டோ எடுத்துக் காட்டுங்கள்.

தோலிலோ கண்ணிலோ பட்டால் குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணியில் குறைந்தது 20 நிமிஷம் கழுவ வேண்டும். ஆசிட் நனைந்த துணியைக் கழற்றிவிட வேண்டும். 'ஆசிட்டுக்கு மாற்று சோடா' என்று ஆப்பச்சோடாவைத் தோலில் தேய்க்க வேண்டாம், அந்த வினையில் உண்டாகும் வெப்பம் புண்ணை மோசமாக்கும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. போகும்போது சுட்டது வரும்போதும் தொண்டையைச் சுடும்.

கிரகப்பிரவேசத்துக்குத் திரும்புவோம்

சிமென்ட் பால் காய்ந்து கறையாவதற்கு முன்பே, இடுக்கு அடைத்த அதே மணி நேரத்துக்குள் ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டால் ஆசிட்டுக்கே வேலை இல்லை. டைல்ஸ் வேலை பேசும்போதே மேஸ்திரியிடம் "இடுக்கு அடைச்சதும் அன்னிக்கே துடைச்சுக் குடுத்துருங்க, ஆசிட் வேண்டாமுங்க" என்று சொல்லிக் கூலியிலும் அதைச் சேர்த்துவிடலாம். பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் சாதா சிமென்ட்டுக்குப் பதிலாக எபாக்சி கொண்டு இடுக்கு அடைத்தால் செலவு கூடும். ஆனால் உப்பும் எண்ணெயும் அவ்வளவு எளிதில் உள்ளே இறங்காது, லேசான அமிலத்துக்கும் அது அசையாது.

கறை காய்ந்தே போய்விட்டதா? புது இடுக்கு நன்றாக இறுகச் சில நாட்களாவது விட்டு, அதை நனைத்துக்கொண்டு, சல்ஃபாமிக் அமிலம் சேர்த்த சிமென்ட் கறை நீக்கியை லேபிளில் சொன்ன அளவில் தண்ணீரில் கலந்து பயன்படுத்தலாம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மாதிரி அது புகையாது. அதையும் ப்ளீச் பக்கம் கொண்டுபோகக் கூடாது, மொசைக், மார்பிள், ஆத்தங்குடி பக்கமும் கொண்டுபோகக் கூடாது. எந்த அமிலமானாலும் முதலில் பக்கெட்டில் தண்ணீர், பிறகு அதில் அமிலம். அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். பந்தல் போட்ட வீட்டில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருக்கும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல், ஒரு வாரம் முன்னாடியே முடித்துவிடுங்கள்.